கோடைத் தோட்டமும் வீட்டு நீர்க் கணக்கும்

பங்குனி மாதக் கடைசியில் பரீட்சைகள் முடிந்து, குழந்தைகள் வீட்டில் அடங்காமல் அலையத் தொடங்குகிற சமயத்தில், நம் நகரங்களில் வசிக்கும் மத்தியதர வகுப்பினருக்கு ஆண்டுதோறும் தவறாமல் பிறக்கும் உற்சாகங்களில் ஒன்று, மொட்டை மாடியிலோ, வீட்டின் பின்புறத்தில் சிமெண்டுக்குத் தப்பி மிச்சமிருக்கும் நாலு முழ மண்ணிலோ ஒரு காய்கறித் தோட்டம் போட்டுவிட வேண்டும் என்பது. நர்சரிகளில் கூட்டம் சேருகிறது. தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும், செடிப்பைகளும், வர்ணப் படம் போட்ட விதைப் பொட்டலங்களும் விற்றுத் தீருகின்றன. சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துத் தக்காளியும் கத்தரியும் பீன்ஸும் விதைக்கப்படுகின்றன. வைகாசி பாதி கழிவதற்குள், முளைத்தவற்றில் முக்கால்வாசி வாடி, மீந்தவை பூத்தும் காய்க்காமல் நின்று, கடைசியில் வீட்டுக்காரர்கள் "நமக்குக் கைராசி இல்லை" என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பைகளை மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிடுகிறார்கள். கைராசியின் மேல் பழி போடுவது அநியாயம். பஞ்சாங்கத்தில் நாள் பார்த்தவர்கள் பட்டம் பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

தமிழ்நாட்டு உழவன் சித்திரையில் என்ன செய்கிறான் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். மானாவாரி நிலம் வைத்திருப்பவன், கோடைமழை ஒன்று இறங்கியதும் ஏர் பூட்டியோ டிராக்டர் விட்டோ புழுதி உழவு உழுது, மண்ணைப் புரட்டி வெயிலில் காயப் போடுகிறான். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பழமொழி சொல்வது இந்தக் காயப்போடுதலைத்தான். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்களும் களைகளின் கிழங்குகளும் மேலே வந்து வெந்து மடிவதற்கு அதைக் காட்டிலும் மலிவான உபாயம் கிடையாது. கிணற்றுப் பாசனம் உள்ளவனோ, தைப்பட்டத்திலும் மாசிப்பட்டத்திலும் ஊன்றிய வெண்டையையும் கொத்தவரையையும் வெள்ளரியையும் பூசணியையும் அப்போது பறித்துக்கொண்டிருக்கிறான். புதிய காய்கறி விதைப்பைப் பெரும்பாலும் ஆடிக்கு ஒத்திவைத்துவிடுகிறான். ஆக, பரம்பரையாக மண்ணோடு பழகியவன் நிலத்தை ஆறப் போடுகிற மாதத்தையே, மண்ணோடு புதிதாகப் பழக வருகிறவர்கள் ஆரம்பத்துக்குத் தேர்ந்துகொள்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

நம் மாநிலத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து தருகிறது. மார்ச் முதல் மே வரைக்கும் கிடைப்பது சொற்பம். மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி அம்மாதத்தின் கடைசி வாரம் வரையில் நீடிக்கும் அக்கினி நட்சத்திரத்தின்போது, இரண்டே இலை விட்டு, விரல் நீளம்கூட வேர் இறங்காத ஒரு நாற்று, நாள் முழுதும் காய்ந்த கான்கிரீட் தளத்தின் மேல் வைக்கப்பட்ட கறுப்புப் பையொன்றுக்குள் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே செடி தையில் முளைத்திருந்தால், கத்தரி வெயில் வருவதற்குள் மூன்று மாத வேர் அதற்கு இருந்திருக்கும்; தன் இலைகளாலேயே தன் அடிமண்ணுக்கு நிழல் செய்துகொள்ளும் வயது வந்திருக்கும். கோடைத் தோட்டம் போட நினைப்பவர்கள் பொங்கல் கழிந்த வாரத்தில் விதையைக் கையில் எடுக்க வேண்டும் என்பதும், அப்போது தவறவிட்டவர்கள் ஆடி வரையில் பொறுத்திருந்து, அதுவரைக்கும் கீரையோடு திருப்தி அடைய வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

காலத்துக்கு அடுத்தபடி, எதை விதைப்பது என்ற கேள்வி வருகிறது; இங்கேயும் நம்மை வழி தவறச் செய்வது பெரும்பாலும் தக்காளிதான். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தபோது, "இனிமேல் வீட்டிலேயே பயிரிட்டுக்கொள்வோம்" என்று சபதம் செய்தவர்கள் அநேகர். சபதம் நியாயமானது, செடியின் சுபாவம் அதற்கு இணங்கவில்லை. தென்னமெரிக்காவின் மலைச்சரிவுகளில் பிறந்த அந்தச் செடிக்குப் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவு வெப்பமும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்குமானால், மகரந்தம் வலுவிழந்து, பூ காம்போடு உதிர்ந்துவிடுகிறது. சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் மே மாத இரவுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதாம். கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ பூத்து, மறுநாள் காலையில் அத்தனையும் தரையில் கிடப்பதைப் பார்த்து, உரம் போதவில்லையென்று மேலும் மேலும் உரம் போடுகிறவர்கள் செடிக்கு உபகாரம் செய்வதாக நினைத்து உபத்திரவமே செய்கிறார்கள். பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிபிளவர், காரட் முதலான, நம் சந்தைகளில் இன்றைக்கும் இங்கிலீஷ் காய்கறி என்று சொல்லப்படுகிறவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் அவை நன்றாக இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும்.

கோடைக்கென்றே அமைந்த செடிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவற்றில் முதல் மரியாதைக்கு உரியது, நாம் கொஞ்சமும் மதிக்காத கொத்தவரை. மணல் மண்ணிலும், அரைகுறைத் தண்ணீரிலும், உச்சி வெயிலிலும் அது முகம் சுளிக்காமல் வளருகிறது. ஒன்றரை மாதத்தில் பூத்து, இரண்டு மாதத்துக்குள் கணுவுக்குக் கணு கொத்தாகக் காய்த்து, போகிற போக்கில் வேர் முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறது. ராஜஸ்தானத்துப் பாலை நிலத்தில் மழையை மட்டும் நம்பி லட்சக்கணக்கான ஏக்கரில் பயிராகும் செடி அது. 2011, 2012 ஆண்டுகளில் அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் கிணறுகளுக்கு இந்தக் கொத்தவரை விதையின் பிசின் தேவைப்பட்டு, விதையின் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பாலைவனத்துக் குடியானவர்களே திகைத்துப் போனார்கள். அப்படிப்பட்ட செடியை நாம் பருப்பு உசிலிக்கு ஒரு நாள், பொரியலுக்கு ஒரு நாள் என்று நினைத்தபோது நினைத்துக்கொள்கிறோம். கோடையில் அதிகப்படியாகக் காய்த்தால் உப்பு நீரில் ஒரு கொதி விட்டு வடித்து, அதே வெயிலில் காய வைத்து வற்றலாக்கிவிடலாம். செடியை வாட்டுகிற வெயிலே சேமிப்புக்கும் உதவுகிற சௌகரியம் கோடைத் தோட்டத்துக்கு மட்டுமே உண்டு. சுண்டையும் மணத்தக்காளியும் இந்த வகையில் அதற்கு உடன்பிறந்தவை.

அடுத்தது வெண்டை. இரவு முழுதும் ஊற வைத்த விதையை விரல்கணு ஆழத்தில் ஊன்றினால் ஐந்தாறு நாளில் முளைத்து, 45 நாள் சுமாருக்கு முதல் காயைக் கொடுத்துவிடும். சந்தையில் ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் ஏச்சு வாங்குகிற வேலை தோட்டக்காரனுக்கு இல்லை. ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துவிட வேண்டிய நிர்ப்பந்தம் உண்டு, ஏனென்றால் இலையின் மறைவில் ஒரு காய் மூன்று நாள் கண்ணுக்குத் தப்பினால் அது நாராகிவிடுவதோடு, செடியும் தன் காரியம் முடிந்தது என்று அடுத்த பூவைத் தாமதப்படுத்துகிறது. கோடையில் வெள்ளை ஈ பெருகி, இலை நரம்புகளெல்லாம் மஞ்சள் வலை பின்னியதுபோல் வெளுத்துப் போகும் நோயைப் பரப்பும். அப்படி வெளுத்த செடிக்கு வைத்தியம் இல்லை, பிடுங்கிவிடுவதே விவேகம். இந்த நோயைத் தாங்குவதற்காகப் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உண்டாக்கிய அர்க்கா அனாமிகா போன்ற ரகங்களைத் தேடி வாங்குவது, படம் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு பொட்டலத்தை வாங்குவதைக் காட்டிலும் பிரயோஜனமானது.

கீரைகளில் தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மக்காச்சோளமும் கரும்பும் கையாளுகிற அதே சாமர்த்தியமான வழியில் காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சேகரித்துக்கொள்ளும் இனம் அது. ஆகையால் வெயில் ஏற ஏற வாடுவதற்குப் பதிலாக, தண்ணீர் மட்டும் கிடைத்துவிட்டால், வேகமாகவே வளரும். நான்கு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும் பயிர் இது. கொடிப்பசலையைக் கிராதியில் ஏற்றிவிட்டால் அது கோடை முழுதும் கொழுகொழுவென்று தழைக்கும். முருங்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி முதல் வைகாசி வரையில் அது காய்த்துத் தொங்குகிற அழகைப் பார்த்த பிறகும், இடம் இருந்தும் ஒரு போத்து நட்டு வைக்காதவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவரையை மட்டும் ஆசைப்பட்டுக் கோடையில் போடாதீர்கள். பந்தல் அவரையில் நாட்டு ரகங்கள், பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டாலும் மாசியில் போட்டாலும் அது தனக்குரிய பனிக்காலம் வரும்வரைக்கும் வெறும் கொடியாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

பந்தலில் ஏறும் மற்றக் கொடிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் "பூக்கிறது, காய்க்கவில்லை" என்ற முறையீடு அதிகமாகக் கேட்பது அவற்றைப் பற்றித்தான். பூசணி, புடல், பீர்க்கு, பாகல், சுரை, வெள்ளரி ஆகியவற்றுக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மெல்லிய காம்பின் நுனியில் வெறுமனே நிற்பது ஆண்பூ. இதழ்களுக்கு அடியில் குண்டுமணி அளவிலோ சுண்டுவிரல் அளவிலோ ஒரு பிஞ்சைத் தாங்கிக்கொண்டு பிறப்பது பெண்பூ. வெப்பம் மிகுந்து பகலும் நீண்டிருக்கும் நாட்களில் இக்கொடிகள் ஆண்பூக்களையே அதிகமாகப் பூக்கும் சுபாவம் உடையவை. கோடையின் நடுவில் முதற்பூக்களைக் காண்கிற சித்திரைக் கொடியைவிட மாசிக் கொடி கூடுதலாகக் காய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும் ஒவ்வொன்றும் மலருகிற நேரம் வேறு. பூசணிப்பூ விடிவதற்கு முன்னரே விரிந்து, வெயில் ஏறி ஒன்பது பத்து மணி ஆகும்போது சுருண்டுவிடுகிறது. பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். பீர்க்கோ மாலை வெயில் தாழ்ந்த பிறகுதான் தன் மஞ்சள் இதழ்களைத் திறக்கும். சுரை அந்தி மயங்கும்போது வெள்ளையாக விரியும். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த புடலம்பூ இரவின் சொத்து, அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி.

தரையில் உள்ள தோட்டத்துக்குத் தேனீயும் வண்டும் அந்துவும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆறாவது மாடியின் மேல் அமைந்த தோட்டத்துக்கு அவை வருமென்று எந்த நிச்சயமும் இல்லை. ஆகவே அங்கே தோட்டக்காரனே அந்த உத்தியோகத்தை மேற்கொள்ள வேண்டும். காபி குடிப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய், அன்றைக்கு விரிந்த பூசணி ஆண்பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, அதன் இதழ்களை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தால், நடுவில் மஞ்சள் தூள் அப்பிய தண்டு ஒன்று மிஞ்சும். அதை விரலில் தொட்டால் தூள் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் அது பழைய பூ. பெண்பூவின் நடுவே பிளவுபட்டுப் பிசுபிசுவென்றிருக்கும் சூல்முடியின் மேல் அந்தத் தண்டை எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவிவிட்டால் காரியம் முடிந்தது. நான்காம் நாள் பிஞ்சின் காம்பு தடித்துக் கீழ்நோக்கி வளைந்தால் கருப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மஞ்சளித்துச் சுருங்கினால் மறுபடியும் முயல வேண்டியதுதான். இந்த வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால், விஞ்ஞானப் புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கை என்ற தலைப்பின் கீழ் நெட்டுருப் போட்டதெல்லாம் அவர்களுக்கு ஒரே காலையில் விளங்கிவிடும் என்பதோடு, கோடை விடுமுறையில் அவர்களை ஐந்தரை மணிக்கு எழுப்புவதற்கும் அது நல்ல சாக்கு. புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்குகிற வேலையையும் அவர்கள் விரும்பிச் செய்வார்கள். கட்டாவிட்டால் காய் பாம்புபோல் வளைந்து வளரும், ருசியில் ஒன்றும் குறையாது.

இனி, இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் ஒரு வீட்டுத் தோட்டம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை ஆசையோ, மாடியின் பரப்போ, கையில் உள்ள பணமோ தீர்மானிக்கக் கூடாது. அந்த வீட்டில் ஒரு தடவை உபயோகித்துக் கழியும் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டுமென்று நம் நாட்டில் ஒரு நியமம் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதில் குளிப்பதற்கு 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவப் 10, வீடு கழுவப் 10, சமைக்கவும் குடிக்கவும் தலா 5 என்று பிரிவினை. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் இந்தக் கணக்கின்படி பாத்திரம் கழுவிய நீர் மட்டும் 40 லிட்டர். கோடை உச்சத்தில் தழைத்த பயிர் நிற்கும் ஒரு சதுர மீட்டர் நிலத்திலிருந்து நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் நீர் ஆவியாகப் போகிறது. வகுத்துப் பார்த்தால், சமையலறைத் தண்ணீரைக் கொண்டு ஐந்து அல்லது ஆறு சதுர மீட்டர், அதாவது இரண்டு கட்டில்கள் போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தோட்டத்தைக் கோடை முழுதும் தாராளமாகக் காப்பாற்றலாம். குளியலறைத் தண்ணீரையும் திருப்பிவிட்டால் முருங்கையும் வாழையும் பந்தற்கொடிகளும் அதில் பிழைத்துக்கொள்ளும்.

அதற்கு மேல் ஆசைப்படுவது தர்மமல்ல என்றுகூடச் சொல்வேன். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்து இறங்கியதை நாம் அதற்குள் மறந்துவிடவில்லை என்று நம்புகிறேன். கோடையில் தனியார் லாரிகள் நகரத்துக்குக் கொண்டுவரும் தண்ணீரில் பெரும்பகுதி, சுற்றுவட்டாரக் கிராமங்களின் வயற்கிணறுகளிலிருந்து இறைக்கப்படுவது. அந்தத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் நிரப்பி, அதிலிருந்து மாடித் தோட்டத்துக்குக் குழாய் பிடிப்பது, கிராமத்து வெண்டையைக் கருகவிட்டு நம் வெண்டையை வளர்ப்பதாகும். அதற்கு இயற்கை வேளாண்மை என்ற பெயரையும் சூட்டிக்கொள்வது கொஞ்சம் அதிகம். குடிநீரைச் செடிக்கு ஊற்றாதே என்றால் தோட்டமே போடாதே என்று சொல்வதாக நண்பர்கள் சிலர் என்னிடம் சண்டைக்கு வருவதுண்டு. முன்காலத்துக் கொல்லைப்புறத்தைப் பார்த்திருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே தோட்டத்துக்கென்று யாரும் தனியாகத் தண்ணீர் இறைத்ததில்லை. துணி துவைக்கிற கல்லிலிருந்து ஓடிய நீர் வாழைக்குப் போயிற்று, பாத்திரம் துலக்குகிற இடத்திலிருந்து ஓடிய நீர் சேம்புக்கும் கருணைக்கும் போயிற்று, கடைசியில் தேங்கிய ஈரத்தில் பொன்னாங்கண்ணி தானாகவே படர்ந்தது.

ஆனால் அக்காலத்துக் கழுநீருக்கும் இக்காலத்துக் கழுநீருக்கும் வித்தியாசம் இருக்கிறது. சாம்பலும் புளியும் சீயக்காயும் போன இடத்தில் சலவைத் தூளும் பாத்திரச் சோப்பும் வந்திருக்கின்றன. சலவைத் தூளில் உள்ள சோடிய உப்புகள் நாளடைவில் மண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்கவிடாமல் செய்துவிடும். ஆகையால் துணி துவைத்த முதல் தண்ணீரை விட்டுவிட்டு, அலசிய தண்ணீரை மட்டும் எடுப்பது, அதையும் ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விடுவது, எந்தக் கழுநீரையும் மறுநாள் வரையில் தேக்கி வைக்காமல் அன்றன்றே ஊற்றிவிடுவது என்ற ஜாக்கிரதைகள் வேண்டும். அரிசி களைந்த நீருக்கும் காய் அலம்பிய நீருக்கும் எந்த நிபந்தனையும் இல்லை. ஏர் கண்டிஷனர் சொட்டுகிற நீர் ஏறக்குறைய மழைநீருக்குச் சமானமான சுத்தம். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அது நாளொன்றுக்குப் பல லிட்டர் சேரும். இதற்கு நேர்மாறானது, குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற நீர். வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் அதைச் செடிகளுக்கு ஊற்றுகிறவர்கள் பலர். நாம் குடிக்க மறுத்த உப்பெல்லாம் அதில்தான் குவிந்திருக்கிறது. சில வாரங்களில் தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிவதும், இலை ஓரங்கள் கருகுவதும் அதன் விளைவு. அதை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரின் கணக்கு எத்தனை சரியாக இருந்தாலும், மண் திறந்து கிடந்தால் பாதி வீணாகும். மறைந்த இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று மூடாக்கு, மூடாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான். உதிர்ந்த இலையோ, வைக்கோலோ, கரும்புச் சக்கையோ, தேங்காய் மட்டையோ, எது கிடைக்கிறதோ அதை மண் தெரியாதபடி நான்கு விரல்கிடை பரப்பிவிட்டால் போதும். வாய் குறுகிய, மெருகு பூசாத சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்து வரையில் புதைத்து, நீர் நிரப்பி மூடி, அதைச் சுற்றிச் செடி வைப்பது இன்னொரு வழி. பானையின் சுவரில் கசியும் ஈரத்தை வேர் தேடி வந்து குடித்துக்கொள்ளும். சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேளாண்மை நூலொன்றிலேயே இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. மொட்டை மாடிக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: பிற்பகல் நாலு மணிக்குப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீரில் கை வைக்க முடியாது, வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் தேங்கிய தண்ணீரோ அதைவிட மோசம். அந்த வெந்நீரை வாடிய செடியின் தலையில் ஊற்றிவிட்டு, மறுநாள் "தண்ணீர் விட்டும் கருகிப்போயிற்று" என்று வருந்துவதில் அர்த்தமில்லை. விடியற்காலையே தண்ணீர் விடுவதற்கு ஏற்ற நேரம். நிழல்வலை கட்டுவதானால் பாதி வெளிச்சம் விடும் வலை போதும். புடலையோ பீர்க்கையோ மேற்குப் பக்கமாகப் பந்தலில் ஏற்றிவிட்டால் வலையும் வேண்டாம், பந்தலுக்குக் கீழே உள்ள அறையும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

பூச்சிகளைப் பற்றி இங்கே நீட்டி எழுதுவதற்கு இல்லை. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிப்பதும், மாவுப்பூச்சி அப்பிய கிளையை வெட்டி எறிவதும், எறும்புச் சாரி ஏறாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமானவை. 2008-ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் முதன்முதலாகத் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்று விடாமல் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சியை எந்த மருந்தும் அடக்கவில்லை. 2010-இல் அயல்நாட்டிலிருந்து வரவழைத்து விடப்பட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி அடக்கிற்று. அதை நினைத்துக்கொண்டால், கண்ட பூச்சிக்கெல்லாம் விஷ மருந்து தெளிக்கக் கை நீளாது. அணிலுக்கும் மயிலுக்கும் ஒரு பங்கு போகத்தான் செய்யும்.

இத்தனை பிரயாசைக்கும் என்ன வரும்படி என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி வேண்டும் என்று சத்துணவு நிபுணர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்த கணக்கை வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஆகிறது. ஆறு சதுர மீட்டர் தோட்டம் அதைக் கோடையில் ஒருநாளும் கொடுக்காது. சந்தைக்கே போக வேண்டாம், காய்கறிச் செலவே இல்லை என்று பிரசங்கம் செய்கிறவர்களை நம்பி இறங்கியவர்கள்தாம் இரண்டாவது ஆண்டில் பைகளை மாடிப்படிக்கு அடியில் அடுக்குகிறவர்கள். கீரையை அந்தத் தோட்டம் முழுவதுமாகக் கொடுக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாளைக்குக் காய் கொடுக்கும். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வாங்க வேண்டியிராது. யுத்தகாலத்து உணவுப் பஞ்சத்தின்போது, 1940-களில், அதிக உணவு உற்பத்தி இயக்கம் என்ற பெயரில் வீட்டுக் கொல்லைகளில் காய்கறி போடும்படி சர்க்கார் பிரசாரம் செய்தது. அன்றைக்கு வீடுகளுக்குக் கொல்லை இருந்தது, கொல்லைக்குக் கிணறு இருந்தது. இரண்டும் இல்லாத இன்றைய அடுக்குமாடியில் அதே வாக்குறுதிகளைக் கொடுப்பது சரியல்ல.

சர்க்காரும் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013-14-இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கி, தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்புகளைக் கொடுத்துவருகிறது. அதனால் மண்ணையே தொட்டறியாத பல பேர் ஒரு செடியாவது வளர்த்துப் பார்த்தார்கள். அந்தத் தொகுப்புகள் பொங்கலை ஒட்டி ஒரு முறையும், ஆனி முடிவில் ஒரு முறையுமாக, பட்டத்தைக் கணக்கிட்டு ஜனங்களின் கைக்கு வந்து சேருமானால் பலன் அதிகமாக இருக்கும். கோடைக்கான தொகுப்பில் தக்காளி விதையை எடுத்துவிட்டுக் கொத்தவரையையும் தண்டுக்கீரையையும் பசலையையும் வைத்தால் ஏமாற்றம் குறையும்.

அதைவிட முக்கியமானது குழாய் விஷயம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக் கூரைக்கும் ஒரு குழாய் இறங்கும்படி செய்து காட்டிய மாநிலம் இது. ஆனால் நம்முடைய பெரும்பாலான அடுக்குமாடிகளில் இன்றைக்கும் சமையலறை நீரும் குளியலறை நீரும் கழிப்பறை நீரோடு கீழே ஒரே தொட்டியில் கலந்துவிடுகின்றன. கலந்த பிறகு அதைச் செடிக்கு விட முடியாது, சுத்திகரிக்கப் பெரும் இயந்திரம் வேண்டும். கலப்பதற்கு முன்னால், சமையலறைக் குழாயில் ஒரு கிளையும் ஒரு வால்வும் வைத்து, வேண்டும்போது தோட்டத்துக்கும் வேண்டாதபோது சாக்கடைக்கும் திருப்பிக்கொள்ளும் வசதியைக் கட்டுகிறபோதே செய்துவிட்டால் ஆகிற செலவு, அந்த வீட்டின் வாசற்கதவுக்குப் போடும் பூட்டின் விலைக்கு மேல் போகாது. கட்டி முடித்துக் குடிவந்த பிறகு செய்வதென்றால், சுவரை உடைக்க வேண்டும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும், கீழ்வீட்டுக்காரரின் சம்மதத்தையும் வாங்க வேண்டும். இவற்றில் மிகவும் கஷ்டமானது சுவரை உடைப்பதல்ல என்பது அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.